ஒரே பொத்தான் உள்ள டார்ச் லைட்

டார்ச் லைட் ஒன்று வேண்டும் என்று நிர்மலாதேவி வீட்டில் சொன்னது மே மாதம் இரண்டாம் தேதி. ஜூன் ஒன்பதாம் தேதி வரைக்கும் டார்ச் லைட் வரவில்லை. அதற்குப் பதிலாக அவள் கணவன் தினேஸ்வரனின் மடிக்கணினியில் இருபத்து மூன்று டார்ச் லைட்டுகளின் பட்டியல் ஒன்று வந்திருந்தது.

அவளுக்கு அது அன்றாட வேலைக்கு வேண்டிய சாமான். வாடகை வீடுகளைச் சோதித்து அறிக்கை எழுதிக் கொடுக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் அவளுக்கு வேலை. மலேசியாவின் ஈப்போவிலிருந்து நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்து பதினோரு வருஷம், இந்த வேலையில் நாலு வருஷம். ஹீட்டர் ஓடுகிறதா, ஜன்னல் திறக்கிறதா, கூரைக்கு மேலும் தரைக்குக் கீழும் குளிர் தடுக்கும் இன்சுலேஷன் பஞ்சு ஒழுங்காக இருக்கிறதா, எங்காவது ஈரம் ஊறியிருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். இந்த ஊர்ப் பழைய வீடுகள் குட்டைக் கால்களின் மேல் மண்ணை விட்டு முழங்கால் உயரம் தூக்கி நிற்பவை. வீட்டுப் பக்கச் சுவரின் அடியில் ஒரு சின்னக் கதவு இருக்கும். அதைத் திறந்து குப்புறப் படுத்து உள்ளே நகர வேண்டும். பகல் பன்னிரண்டு மணிக்கும் அங்கே இருட்டுதான்.

நாலு வருஷம் உழைத்த பழைய டார்ச் ஏப்ரல் கடைசியில், மவுண்ட் ரோஸ்கில் வீடு ஒன்றின் கூரைக்குள் அவள் கையிலிருந்து நழுவி, சுவர் இடுக்கில் விழுந்துவிட்டது. சுவரை உடைத்தால்தான் எடுக்கலாம். விழுந்தபோது அது எரிந்துகொண்டுதான் இருந்தது.

"என்னாங்க, இன்னிக்காவது ஆர்டர் போட்டீங்களா?"

"போட்டுரலாம் லா. ரெண்டுதான் மிச்சம். பதினாலாவதா, பத்தொன்பதாவதா, அதான் பாக்குறேன்."

"ரெண்டுக்கும் என்னா வித்தியாசம்?"

கேட்டிருக்கக் கூடாது. தினேஸ்வரன் நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பினான். அப்படித் திரும்பினால் இருபது நிமிஷம் போய்விடும்.

"பதினாலு வந்து வெளிச்சம் ஆயிரத்தி இருநூறு லூமன்னு போட்டிருக்கான். ஆனா அது ரெண்டு நிமிஷத்துக்குத்தான். அப்பறம் சூடாகி நானூறுக்கு எறங்கிரும். பத்தொன்பது எண்ணூறுதான், ஆனா வெளிச்சம் தூரம் போவும். ஆனா பேட்டரி அவனோட சொந்த பேட்டரி, கடையில கெடைக்காது. ஒருத்தன் எழுதியிருக்கான், ஒன்றரை வருஷத்துல சார்ஜ் நிக்கலையாம். இன்னொருத்தன்—"

"எனக்குத் தரைக்குக் கீழ பாக்கணும். அவ்வளவுதான்."

"அதான் சொல்றேன். அதுக்குத்தான் சரியானதா பாக்கணும். மலிவாவும் இருக்கணும்ல. மாசக் கடைசியில சேல் வருது, பொறு."

தினேஸ்வரன் எல்லர்ஸ்லியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் எண்களோடு மாரடிப்பவன். கெட்டவன் இல்லை. அதுதான் எரிச்சலே. கெட்டவனாக இருந்தால் ஒரு சண்டை போட்டு முடித்திருக்கலாம். இவன் அவளுக்கு நல்லதாக ஒன்று அமைய வேண்டும் என்று ராத்திரி சாப்பாட்டைக்கூட மேசையில் ஆறவிட்டு அந்நியர்கள் எழுதிய விமர்சனங்களைப் படித்துக்கொண்டிருந்தான். ரைஸ் குக்கர் வாங்க ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் அவள் சோற்றைச் சட்டியில்தான் வடித்தாள்.

அலுவலகத்தில் கேட்டபோது மேலாளர் கிரெக் சிரித்தான். "உன் போனிலேயே லைட் இருக்கிறதே, நிர்மலா." போனில் லைட் இருந்தது. போனில் படம் பிடிக்கும் கேமராவும் இருந்தது, வாடிக்கையாளர்கள் கூப்பிடும் மணியும் இருந்தது, குளிரில் மளமளவென்று இறங்கும் பேட்டரியும் இருந்தது. ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் மண்ணில் நகர்வது எப்படி என்று கிரெக்கிடம் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

அப்படிப் போனோடு போனதில்தான் ஏவன்டேல் வீடு வந்தது.

மே மாதம் மூன்றாம் வாரம் அது. ரயில் பாதையை ஒட்டிய தெருவில் பெயின்ட் உரிந்த மரவீடு. வாடகைக்கு இருந்தவள் லக்ஷிகா என்ற யாழ்ப்பாணத்துப் பெண், முப்பது வயதிருக்கும். அவளுக்கு ஒரு பேக்கரியில் விடியற்காலை ஷிஃப்ட், புருஷன் கௌசிகனுக்கு லாரி ஓட்டும் வேலை. நிர்மலாவின் பெயரைப் பார்த்ததும் அவள் தமிழிலேயே பேசத் தொடங்கிவிட்டாள்.

"அக்கா, குளிக்கிற அறைப் பக்கம் ஒரே மணம். ரெண்டு கிழமையா மணக்குது. ஓனரிட்ட சொன்னனான், அவர் ஆக்களை அனுப்பிப் பாக்கிறன் எண்டவர். அதுதான் உங்களை அனுப்பியிருக்கினம் போல."

நிர்மலாவின் ஊர்த் தமிழில் மணம் என்றால் நல்ல வாசனை. லக்ஷிகா சொல்லும் மணம் நாற்றம், கிழமை வாரம் என்று புரிய அவளுக்கு ஒரு நொடி ஆனது.

"சரி மா, கீழ போயி பாக்குறேன்."

சின்னக் கதவைத் திறந்து உள்ளே நகர்ந்தாள். மண்ணின் மேல் கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பு, மேலே பலகைகளுக்கு இடையில் வரிசையாகப் பஞ்சு. போன் வெளிச்சம் முகத்துக்கு முன்னால் பால் கொட்டியதுபோலப் பரவியது. மூன்று மீட்டருக்கு அப்பால் எல்லாம் ஒரே சாம்பல். குளியலறை வீட்டின் எதிர்க் கோடியில் இருந்தது, பத்து மீட்டராவது இருக்கும். பாதி தூரம் முழங்கையால் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே குறுக்கே ஒரு தாழ்ந்த உத்தரம். இரண்டு கையும் இருந்தால் அதற்கடியில் நுழையலாம். ஒரு கையில் போன். போனில் ஒன்பது சதவிகிதம். பதினொரு மணிக்கு அடுத்த வீடு.

போனை நீட்டிக் காட்டினாள். தெரிந்தவரைக்கும் பஞ்சு இருந்தது, விரிப்பு இருந்தது. அதற்கு அப்புறமும் அப்படித்தானே இருக்கும் என்று நினைத்தாள். நினைத்தபடியே திரும்பினாள்.

வெளியே வந்து டேப்லட்டில் 'தரையடி: உலர்ந்துள்ளது', 'இன்சுலேஷன்: முழுமையாக உள்ளது' என்ற இரண்டு கட்டங்களிலும் டிக் போட்டாள்.

"கடைசி மூலை வரைக்கும் பாத்தனீங்களோ அக்கா?" என்றாள் லக்ஷிகா.

"காஞ்சுதான் இருக்கு மா. குளிச்ச பெறகு ஜன்னலக் கொஞ்ச நேரம் தொறந்து வைங்க."

காரில் ஏறிய பிறகு அந்தப் பதில் அவளுக்கே பிடிக்கவில்லை. வீட்டுக்காரர்கள் எல்லோரும் சொல்லும் பதில் அது. ஆனால் பதினொரு மணி வீட்டுக்கு ஏற்கனவே நேரமாகியிருந்தது.

அன்று மாலை, பட்டியலை நம்பிப் பயன் இல்லை என்று முடிவு செய்து, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த மலிவுக் கடையில் ஏழு டாலருக்கு ஒரு டார்ச் வாங்கினாள். கையடக்கம், பளபளப்பு, பார்க்க நன்றாகவே இருந்தது. மறுநாள் மவுண்ட் ரோஸ்கில் வீடு ஒன்றின் கூரைக்குள் ஏறி அதை அமுக்கினாள். எரிந்தது. வெளிச்சம் அதிகமாக இருந்ததால் குறைக்கலாம் என்று இன்னொரு தடவை அமுக்கினாள். குறைந்தது. அணைக்கலாம் என்று மறுபடியும் அமுக்கினாள். அது அணையாமல் படபடவென்று மின்னல்போல வெட்டத் தொடங்கியது. கண்கூசி, பதறி, திரும்பவும் அமுக்கினாள். இப்போது மூன்று குட்டை, மூன்று நெட்டை, மூன்று குட்டையாக மின்னியது. கப்பல் மூழ்கும்போது கொடுக்கும் சமிக்ஞை அது.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், "மேலே ஒயர் தீப்பிடித்துவிட்டதா?" என்று கத்தினார்.

"இல்லை, இல்லை! டார்ச்தான்!"

"டார்ச்சுக்கு என்ன ஆனது?"

அதைத்தான் அவளும் தெரிந்துகொள்ள விரும்பினாள். ஒவ்வொரு தடவை எரிய வைக்கும்போதும் அணைப்பதற்கு ஐந்து தடவை அமுக்க வேண்டும். அதில் ஒன்று தவறினால் முதலிலிருந்து. அன்று முழுவதும் கூரைக்குள் படுத்தபடி எண்ணிக்கொண்டே வேலை செய்தாள்.

"அஞ்சு மோடு இருக்கா?" என்றான் தினேஸ்வரன், சோறு பிசைந்துகொண்டே. "அதான் நான் மோடுக்குன்னே தனியா ஒரு கட்டம் போட்டிருக்கேன். நீ அவசரப்பட்டுட்ட."

ஞாயிற்றுக்கிழமை காலை கீரை வாங்க ஏவன்டேல் சந்தைக்குப் போனபோது, காலுறையும் போன் உறையும் விற்கிற ஒரு மேசையில் அடுத்ததை வாங்கினாள். பன்னிரண்டு டாலர். அட்டைப்பெட்டியில் 'ஒரு லட்சம் லூமன்' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது.

"ஒரு லட்சமா?" தினேஸ்வரன் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சூரியனையா வாங்கிட்டு வந்திருக்க? நிர்மலா, இந்த சைசுக்கு முந்நூறு வந்தாலே பெருசு."

"எரிஞ்சா போதும்."

எரிந்தது, ஏழு நிமிஷம். அதற்குள் கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சூடாகி, தானே அணைந்தது. ஆறவைத்தால் மறுபடியும் ஏழு நிமிஷம். நாலாவது நாள் சார்ஜ் ஏறவில்லை. சந்தைக்குத் திரும்பப் போய்ச் சண்டை போடலாம் என்றால், அந்த ஆள் அடுத்த வாரம் வரவில்லை. அந்த இடத்தில் பலாப்பழம் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் ஒன்பதாம் தேதி கிரெக் அவளைக் கூப்பிட்டான்.

"ஏவன்டேல் வீடு நினைவிருக்கிறதா? அந்தப் பெண் மறுபடியும் புகார் கொடுத்திருக்கிறாள். வீட்டுக்காரர் உன் அறிக்கையையே அனுப்பிவிட்டார். தெளிவாக எழுதியிருக்கிறாய், உலர்ந்துள்ளது, முழுமை, அவ்வளவுதான். விஷயம் முடிந்தது. நல்ல வேலை."

"நான் இன்னொரு தடவை போய்ப் பார்க்கட்டுமா?"

"எதற்கு? யார் காசு கொடுப்பார்கள்? அந்த வீட்டுக்காரரிடம் பதினாறு வீடுகள் இருக்கின்றன, எல்லாம் நம்மிடம்தான் வருகின்றன. விட்டுவிடு."

மதியம் போனுக்கு ஒரு செய்தி வந்தது. சோதனைக்கு நேரம் சொல்லி அவள் முன்பு அனுப்பிய செய்திக்குக் கீழேயே லக்ஷிகா எழுதியிருந்தாள்.

'அக்கா, நீங்கள் காய்ஞ்சிருக்கு எண்டு எழுதினபடியால் ஓனர் ஒண்டும் செய்யமாட்டாராம். நான் ஜன்னல் திறக்காததால்தானாம். இதைப் பாருங்கோ.'

படத்தில் ஒரு மெத்தை சுவரில் சாய்த்து நிறுத்தியிருந்தது. அதன் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சைக் காளான். விடியற்காலை வேலை முடிந்து வந்து பகலில் அந்தப் பெண் படுத்துறங்கும் மெத்தை.

வீட்டுக்குப் போனதும் நிர்மலா பையைக் கழற்றாமலேயே தினேஸ்வரன் முன்னால் நின்றாள்.

"டார்ச் லைட்டு என்னாச்சு?"

"மாசக் கடைசியில சேல்னு சொன்னேன்ல. பத்தொன்பதுல இன்னும் எட்டு டாலர் கொறையும். இருபத்தொண்ணாவதுல ஒரு சின்ன—"

அவள் மடிக்கணினியை மூடினாள். அவன் விரல்களை எடுத்துக்கொள்ள நேரம் கொடுத்துத்தான் மூடினாள், ஆனால் அழுத்தமாக மூடினாள்.

"நான் கேட்டது ராக்கெட் இல்ல! ஒரு வெளக்கு! அஞ்சு வாரமா ஒரு வெளக்கு கேக்குறேன்! ஒருத்தன் போன்ல இருக்குன்றான். ஒருத்தன் ஒரு லட்சம்னு எழுதி விக்கிறான். நீங்க கட்டம் போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க. எனக்கு அந்த மூலை தெரியல லா! தெரியாமலே காஞ்சிருக்குன்னு எழுதிட்டேன்!"

தினேஸ்வரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "எந்த மூலை?"

சொன்னாள். மெத்தைப் படத்தைக் காட்டினாள். அவன் போனை வாங்கி, பெரிதாக்கி, நிறைய நேரம் பார்த்தான்.

"பாக்காமலா எழுதின?" என்றான் மெதுவாக. குற்றம் சொல்லும் குரலில் இல்லை, உண்மையிலேயே நம்ப முடியாமல் கேட்டான். அது இன்னும் மோசமாக இருந்தது.

"ஆமா."

"அப்ப நாளைக்கு விடிஞ்சதும் மொதல்ல கடைக்குப் போ. ஒண்ணு வாங்கிரு. எதா இருந்தாலும் சரி." மூடிய மடிக்கணினியைத் தள்ளி வைத்துவிட்டுச் சும்மா இருக்கப் பார்த்தான். முடியவில்லை. "ஆனா பேட்டரி மட்டும் கடையில கெடைக்கிற—"

"என்னாங்க."

"சரி, சரி."

ஹார்ட்வேர் கடை காலை ஏழு மணிக்கே திறந்துவிடும். டார்ச் லைட்டுகளுக்கென்று ஒரு சுவர் முழுக்க ஒதுக்கியிருந்தார்கள். துப்பாக்கி போலச் சில, பேனா போலச் சில, தலையில் மாட்டுபவை, சாவியில் தொங்குபவை. எல்லாம் கத்தரிக்கோல் இல்லாமல் திறக்க முடியாத பிளாஸ்டிக் கூட்டுக்குள். எதையும் எரிய வைத்துப் பார்க்க வழியில்லை. அவள் அங்கேயே நின்று மூச்சு விட்டாள்.

"உதவி வேண்டுமா?" என்று வந்தவரின் சட்டையில் ஜெய் பிரகாஷ் என்று இருந்தது. ஃபிஜிக்காரர். அவளுடைய பெயர் அட்டையைப் பார்த்துவிட்டு, தன் கொள்ளுத்தாத்தா தமிழர்தான் என்றும் தனக்குப் பத்து வரை எண்ணவும் இரண்டு கெட்ட வார்த்தை சொல்லவும் மட்டும் தமிழ் தெரியும் என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். அதற்குமேல் ஆங்கிலத்திலேயே பேசினார்கள்.

"வீட்டுக்குக் கீழே பத்து மீட்டர் தூரத்தில் மண் ஈரமா காய்ந்ததா என்று தெரிய வேண்டும். தினமும் வேண்டும். விலை கையைக் கடிக்கக் கூடாது. எது?"

"எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள்." துப்பாக்கி போன்ற ஒன்றைக் காட்டினார்.

"எல்லோரும் வீட்டுக்குக் கீழே போகிறார்களா?"

"இல்லை. பெரும்பாலும் கராஜில் மாட்டி வைக்கிறார்கள்."

"எரிய வைத்துப் பார்க்காமல் நான் எதையும் வாங்கப் போவதில்லை," என்றாள் நிர்மலா. குரல் தானாக உயர்ந்துவிட்டது. "ஒன்று கப்பல் மூழ்குகிறது என்றது. ஒன்று தோசைக்கல்லாகிவிட்டது. மூன்றாவதாக ஒன்றையும் நம்பி வாங்க எனக்குப் பொறுமை இல்லை."

ஜெய் பிரகாஷ் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கத்தரிக்கோலை எடுத்து மூன்று கூடுகளை வெட்டினார். "மரச் சட்டங்கள் வைக்கும் பக்கம் வாருங்கள்."

மரச் சட்டங்களை அடுக்கிய இரும்புத் தட்டுகளுக்கு அடியில், கடையின் பின்சுவர் வரைக்கும் ஒரு சாண் உயர இடைவெளி இருட்டாகப் போனது. அவர் ஒரு அட்டைத் துண்டில் பாதியைத் தண்ணீரில் நனைத்து, பின்பக்கமாகச் சுற்றிப் போய் அங்கே வைத்துவிட்டு வந்தார். மஞ்சள் வேலைச் சட்டையோடு நிர்மலா கடைத் தரையில் குப்புறப் படுத்தாள். பெயின்ட் டப்பாவோடு போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

முதல் டார்ச்சின் வெளிச்சம் அகலமாகப் பரவிப் பாதியிலேயே கரைந்தது. போன் லைட்டுக்கு அண்ணன். இரண்டாவது தூரம் போனது, ஆனால் நீலம் கலந்த வெள்ளை. அட்டை மொத்தமும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தது, நனைந்த பாதி எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்றாவது கொஞ்சம் மஞ்சள் சாய்ந்த வெளிச்சம். அட்டை பழுப்பாகவே தெரிந்தது. இடது பாதி கறுத்திருந்தது.

"இடது பக்கம் ஈரம்," என்றாள் தரையிலிருந்தபடியே.

"சரி."

எழுந்து உட்கார்ந்து அதைக் கையில் திருப்பினாள். ஒரு சாண்கூட இல்லை. அலுமினிய உடம்பு, உள்ளே சாதாரணப் பேட்டரி இரண்டு, பின்னால் ஒரு பொத்தான். "ஒரு தடவை அமுக்கினால் எரிகிறது. இன்னொரு தடவை அமுக்கினால் அணைகிறது. மூன்றாவது தடவை என்ன செய்யும்?"

"மறுபடியும் எரியும்."

"வேறு ஒன்றும் செய்யாதா?"

"செய்யாது. அதனால்தான் அது விற்பதில்லை," என்றார் ஜெய் பிரகாஷ். "இருபத்து நான்கு டாலர்."

மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஏவன்டேலுக்குப் போனாள். லக்ஷிகா வேலை முடிந்து வந்து மாவு படிந்த சட்டையோடேயே கதவைத் திறந்தாள். முகத்தில் வரவேற்பு இல்லை.

"என்ன, திரும்பவும் ஜன்னல் பாக்க வந்தனீங்களோ?"

"கீழ பாக்கணும் மா. ஆபிஸ்லேர்ந்து அனுப்பல. நானா வந்தேன்."

சின்னக் கதவுக்கு முன்னால் படுத்து, உள்ளே நுழைவதற்கு முன்பே பொத்தானை அமுக்கினாள். வெளிச்சம் தாழ்ந்த உத்தரத்துக்கு அடியில் புகுந்து எதிர்க் கோடி வரைக்கும் போய் நின்றது. குளியலறைக்குக் கீழே பஞ்சு கிழிந்த துணிபோலக் கறுத்துத் தொங்கியது. பிளாஸ்டிக் விரிப்பின்மேல் தண்ணீர் மினுமினுத்தது. பார்க்க இரண்டு நொடி ஆனது. முழங்கையால்கூட நகர வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு அப்படியே மண்ணில் நெற்றியை வைத்துக்கொள்ளத் தோன்றியது.

இருந்தாலும் போனாள். டார்ச்சைச் சட்டையின் மேல்பையில் செருகி, இரண்டு கையும் ஊன்றி, உத்தரத்துக்கு அடியில் நுழைந்து மூலை வரைக்கும் போனாள். "லக்ஷிகா, பாத்ரூம் பைப்பத் தொறங்க!" என்று கத்தினாள். தலைக்கு மேல் காலடி ஓசை. பிறகு தண்ணீர் ஓடும் சத்தம். குளியல் தொட்டியிலிருந்து வரும் கழிவுக் குழாய் இணைப்பில் விலகியிருந்தது. குளிக்கும் தண்ணீர் அத்தனையும் சோப்பு நுரையோடு பஞ்சின் மேலும் மண்ணின் மேலும் கொட்டியது, அவளுடைய இடது தோளின் மேலும். படம் எடுத்தாள், பதினெட்டுப் படம்.

வெளியே வந்து லக்ஷிகாவிடம் படங்களைக் காட்டினாள். அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"அப்ப போன முறை இது இருக்கேல்லையோ?"

இல்லை, அதற்குப் பிறகுதான் உடைந்திருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். யாரும் மறுக்க முடியாது. அந்தப் பதில் நாக்கு வரைக்கும் வந்தது.

"இருந்திருக்கும் மா. நான் பாக்கல. பாதி வரைக்குந்தான் போனேன், வெளிச்சம் பத்தல. பாத்தேன்னு எழுதிட்டேன்."

லக்ஷிகா போனைத் திருப்பிக் கொடுத்தாள். "மூண்டு கிழமை அக்கா. மூண்டு கிழமையா நான்தான் ஊத்தையாம், நான்தான் ஜன்னல் திறக்கிறேல்லையாம். இவர்கூடக் கேட்டவர், உண்மையா நீர் திறக்கிறனீரோ எண்டு. நான் உங்களைக் கடைசி மூலை பாத்தனீங்களோ எண்டு கேட்டனான்."

"கேட்டீங்க."

"தமிழ் ஆள் எண்டு நம்பினனான்."

நிர்மலா மன்னிச்சிருங்க என்று சொன்னாள். லக்ஷிகா உள்ளே போய் ஒரு துவாயைக் கொண்டுவந்து கொடுத்தாள், தோளைத் துடைத்துக்கொள்ள.

காரிலேயே உட்கார்ந்து அறிக்கையைத் திருத்தி எழுதினாள். 'முந்தைய சோதனையில் குளியலறைப் பகுதியின் தரையடி பார்க்கப்படவில்லை. உலர்ந்துள்ளது என்று குறித்தது தவறு.' கிரெக்குக்கு அனுப்பி ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது.

"உனக்குப் பைத்தியமா? 'குழாய் புதிதாக உடைந்துள்ளது' என்று எழுதினால் முடிந்தது."

"அது எனக்குத் தெரியாதே, கிரெக்."

"'பார்க்கப்படவில்லை' என்று எழுதியதை நீ எழுதியதாக அந்த ஆள் பார்க்கமாட்டான். நம் கம்பெனி எழுதியதாகப் பார்ப்பான். பதினாறு வீடுகள்!"

"கம்பெனி எனக்கு ஒரு டார்ச்கூடக் கொடுக்கவில்லை. போனில் இருக்கிறது என்றாய்." அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. "எத்தனை வீட்டில் எத்தனை மூலை இப்படிப் போயிருக்கும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நீ அனுப்புகிறாயா, நானே அந்தப் பெண்ணுக்கு அனுப்பட்டுமா?"

கிரெக் ஏதோ முணுமுணுத்தான். மாலைக்குள் அறிக்கை போனது. வீட்டுக்காரர் தன் பதினாறு வீடுகளையும் வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டார், அதனால் ஜூலை மாதம் அவளுக்கு வாரத்துக்கு மூன்று நாள் வேலைதான் கிடைத்தது. கிரெக் இரண்டு வாரம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அறிக்கை எழுத்தில் இருந்ததால் வீட்டுக்காரர் குழாய்க்காரரை அனுப்பத்தான் வேண்டியிருந்தது. அடுத்த வியாழக்கிழமை இணைப்பைச் சரிசெய்து, பஞ்சையும் மாற்றினார்கள். அந்த மெத்தைக்கு மட்டும் யாரும் பொறுப்பேற்கவில்லை.

நிர்மலா போன மே மாதத்து வீடுகளின் பட்டியலை எடுத்து, போன் வெளிச்சத்தில் கடைசி மூலை தெரியாமல் விட்ட ஏழு வீடுகளுக்கும் வேலையில்லாத நாட்களில் மறுபடியும் போய்ப் பார்த்தாள். ஆறு நன்றாகவே இருந்தன. ஏழாவதில் எலி. தினேஸ்வரன் ஒரு சனிக்கிழமை கூட வந்தான். அவள் உள்ளே இருந்தபோது வெளியே நின்று, "எவ்வளவு தூரம் தெரியுது? ஓரத்துல மங்குதா? சூடாவுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மூன்றாவது வீட்டில் அவனையே உள்ளே போகச் சொன்னாள். சிலந்தி வலையோடு வெளியே வந்தவன் அன்று முழுக்க ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் தொடக்கத்தில் லக்ஷிகாவிடமிருந்து செய்தி வந்தது.

'அக்கா, நாங்கள் வீடு மாறப்போறம். ரோஸ்கில்லில ஒண்டு பாத்திருக்கிறம். கையெழுத்து வைக்க முதல் ஒருக்கா வந்து கீழ பாப்பீங்களோ? காசு தரமாட்டன். தேத்தண்ணி தாறன்.'

ஞாயிற்றுக்கிழமை போனாள். ஏஜென்ட் சாவியைக் கொடுத்துவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டான். லக்ஷிகா புது வீடு பார்க்க வந்தவளாக நல்ல சுடிதார் போட்டிருந்தாள். நிர்மலா தரைக்கடியில் நுழைந்து, நாலு மூலையும் போய், சமையலறைக் குழாயையும் குளியலறைக் குழாயையும் திறந்துவிடச் சொல்லிப் பார்த்து, அரைமணி நேரம் கழித்து வெளியே வந்தாள்.

"காஞ்சிருக்கு. எல்லா மூலையும் பாத்துட்டேன்."

லக்ஷிகா அவளையே பார்த்தாள். "உண்மையாவோ?"

கோபம் வரவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க அவளுக்கு உரிமை இருந்தது. நிர்மலா டார்ச்சை அவள் பக்கம் நீட்டினாள்.

"நீங்களே போயி பாருங்க மா. பின்னால இருக்குற பொத்தான ஒரு தடவ அமுக்குங்க, போதும்."

லக்ஷிகா ஒரு நொடி தயங்கி, துப்பட்டாவைக் கழற்றி நிர்மலாவின் கையில் கொடுத்துவிட்டு, அந்தச் சின்னக் கதவுக்கு முன்னால் குனிந்தாள்.